வேலம்பாசிக்குள் பன்னிரண்டு கப்பிகள்

அக்கா,

உன் டிபன் பாக்ஸை இன்றைக்குத்தான் திறந்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவி மூடி வைத்ததுதான். ஆனாலும் மூடியின் ரப்பர் வளையத்தில் ஏரி வாசம் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவில் பாசி கொண்டுவருகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

விழுப்புரத்தில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் திண்டிவனம் திரும்பும்போது, விக்கிரவாண்டி தாண்டி ரோட்டோர ஏரியில் இறங்கி வேலம்பாசி பிடுங்கி வருவாய். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில், மீனுக்கு நீந்த வழியில்லையோ என்று தோன்றும் அளவுக்கு நட்டுவைப்பாய். பன்னிரண்டு கப்பி மீன்கள். காலையில் பன்னிரண்டையும் நான் எண்ணிப் பார்த்தாக வேண்டும். நீ வீடு வந்து சேர்வதற்குள் மூன்று முறை போன் செய்கிறவள் வேறு எப்படி இருப்பேன்?

"இன்னாடி டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்துக்கினு இருக்கியா?"

"பாதியப் புடுங்கிப் போடுக்கா. ஒரு மீனும் தெரியல."

"ஒளிய எடம் இருந்தாத்தான்டி அது தைரியமா வெளிய வரும். மொட்டைத் தொட்டில வுட்டுப் பாரு, மூலையிலயே நின்னுக்கினு இருக்கும். உன்னாட்டம்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் நீ சொன்னது உண்மை. பாசி அடர்ந்த பிறகுதான் அவை முன்னால் வந்து மேய்ந்தன.

கடைசியாக ஒரு புதன்கிழமை பாசி கொண்டுவந்தாய். வெள்ளிக்கிழமை பைபாஸில் லாரி. என் மூன்றாவது போனை வேறு யாரோ எடுத்தார்கள்.

உன் காரியம் முடிந்த வாரத்தில் பதினொரு மீன்கள்தான் இருந்தன. சரியாக எண்ணவில்லை என்று நினைத்தேன். பிறகு ஒன்பது. பிறகு ஏழு. செத்து மிதக்கவும் இல்லை, துள்ளித் தரையில் விழுந்து கிடக்கவும் இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. பாசி முன்னைவிடச் செழித்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சைக்குள் எதுவோ இருக்கிறது என்று தோன்றிய நாளிலிருந்து கூடத்தைக் கடக்கும்போதே நான் எதிர்ச் சுவரோரமாக நடந்தேன்.

நீ மீன் வாங்கிய விழுப்புரம் கடைக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. கடைக்காரர் உடனே கேட்டார்: "ஏரிப் பாசி போட்டீங்களாம்மா? அப்ப தட்டான் புழு வந்திருக்கும். தட்டான் பூச்சி றெக்க மொளைக்கிற வரிக்கும் தண்ணிலதான் கெடக்கும், மீனத் தின்னுக்கினு. மொத்தத்தையும் புடுங்கிப் பாத்தாத்தான் ஆவும்."

அம்மா ஒப்பவில்லை. "அவ கை வெச்சி நட்டது. நீ தொடாத."

"இருக்கிற மீனும் பூடும்மா."

"போனாப் போவுது."

உன் விரல் அழுத்திய மணலைக் கலைப்பதா, உன் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? ஐந்து மீன்கள் மிச்சமிருந்த அன்று முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். பாசி கையைச் சுற்றியது. ஒவ்வொரு தண்டைத் தொடும்போதும் எதுவோ கவ்வப்போகிறது என்று கையை வெளியே இழுத்து மறுபடியும் விட்டேன். கதவருகே நின்றிருந்த அம்மா, என்ன நினைத்தாளோ, வெள்ளை பிளாஸ்டிக் டப் ஒன்றில் தண்ணீர் நிரப்பி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பிடுங்கித் தர, அவள் ஒவ்வொரு தண்டாக அலசினாள்.

கடைசிக்கு முந்திய கொத்திலிருந்து அது விழுந்தது. சேற்று நிறம், ஆறு கால், பாதிச் சுண்டுவிரல் நீளம்.

"இத்தினூண்டா?" என்றாள் அம்மா.

நசுக்கச் செருப்பை எடுத்தேன்.

"வேணாம்டி. அவ எடுத்தாந்தது."

தானே ஒரு குவளையில் அள்ளிப் போய்த் தெருக்கோடிக் குட்டையில் விட்டுவிட்டு வந்தாள்.

அலசிய தண்ணீரைப் பிறகுதான் உற்றுப் பார்த்தோம். கண் மட்டும் தெரிகிற நான்கு கப்பிக் குட்டிகள். வெட்டவெளியில் இருந்தால் பெரிய மீன்களே தின்று தீர்த்திருக்கும். அவற்றைக் காத்த அதே பச்சைதான் புழுவையும் ஒளித்து வைத்திருந்தது.

"இந்தவாட்டி கொஞ்சமா நடுடி, உள்ள இருக்கிறது தெரியறாப்ல."

 ஆனாலும் நீ நட்ட அடர்த்தியிலேயே, தண்டோடு தண்டு உரச, எல்லாவற்றையும் நட்டேன். அம்மா குட்டிகளைக் குவளையில் அள்ளித் தொட்டியில் விட்டாள்.

அதனால் பயம் போய்விடவில்லை, அக்கா. அலசியதில் இன்னொரு புழு தப்பியிருக்கலாம். இன்று காலை மூன்று பெரிய மீன்கள்தான் தெரிந்தன. குட்டிகளில் ஒன்றையும் காணோம். பாசியை விலக்கப் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.  எண்ணி முடிக்காமலே வேலைக்குக் கிளம்பினேன்.