ஒரு தடவை எரிந்த பட்டை

இன்று காலை வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. ஓரத்தில் நீலமாக ஒரு சுற்று ஓடி, குப்பென்று எழுந்தது. மூடியைப் போட்டு அணைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது உங்கள் கொல்லுப்பட்டறை வாடை. நீங்கள் போய், நான் தாலி அறுத்து நாலு வருசம் ஆகிறது. நீங்கள் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். அதை உங்களுக்குத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

அரிசி மண்டி முதலாளியின் மோட்டார் பாரவண்டி வண்ணார்பேட்டையில் நம் பட்டறைக்கு வந்த அன்று நல்ல வெயில். சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் வில்லில் ஏழு பட்டை, ஒன்றின்மேல் ஒன்று. மேல் பட்டை முறிந்திருந்தது. சீமையில் சண்டை, புதுப் பட்டை கப்பலில் வரவில்லை. "நான் அடிச்சுத் தாரேன்" என்றீர்கள்.

பழைய ரயில்வண்டிப் பட்டை ஒன்றைக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கினீர்கள். முக்கி எடுத்ததும் அது கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். எண்ணெய் தடவிக் கங்கின்மேல் காட்ட வேண்டும். தடவியது பற்றி எரிந்து தானாக அணைய வேண்டும். அப்படி மூன்று தடவை. அதன் பிறகுதான் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். அந்த வேலை எப்போதும் என்னுடையது. பட்டையைக் கவ்வியிருந்த இடுக்கியை என்னிடம் தந்துவிட்டு, முறிந்ததைக் கழற்ற வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தீர்கள்.

முதலாளியின் மேஸ்திரி வாசலில் நின்று கத்தினான். "என்னவே, உள்ள பிரசவமா நடக்கு? வண்டி வெயில்ல காயுதுல்லா."

"அவசரத்துல பிள்ளைய இழுத்தா கழுத்து திருகிரும் மேஸ்திரி. செத்த நேரம் பொறும்" என்றீர்கள் வண்டிக்கு அடியிலிருந்து.

"முதலாளி காத்துக் கெடக்காரு, உனக்குச் சிரிப்பாணியா இருக்காலே?" வெளியே நீட்டியிருந்த உங்கள் காலில் செருப்போடு மிதித்தான். மறுபடியும் மிதித்தான்.

அதுவரை ஒரு தடவைதான் எரிந்திருந்தது.

"மூணாச்சா?" என்று அடியிலிருந்து கேட்டீர்கள்.

"ஆச்சு" என்றேன். உங்களை அவன் மூன்றாவது தடவை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு.

ஆறாம் நாள் முக்கூடல் போகும் கரைப் பாதையில் பட்டை முறிந்தது. அச்சு விலகி வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தது. மூடைகளின்மேல் உட்கார்ந்து போன சுமையாள் அடியில் நசுங்கிப் போனார்.

முறிந்த துண்டோடு மேஸ்திரியும் சேர்த்து நாலு பேர் வந்தார்கள். நீங்கள் அதை வாங்கி முறிவைப் பார்த்தீர்கள். சீனி மாதிரி வெள்ளையாய், மணிமணியாக இருந்தது; தீ போதாத இரும்பு அப்படித்தான் முறியும். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நீ பைய உள்ள போ" என்றீர்கள்.

"தீயில காட்டுனது யாருலே?" என்றான் மேஸ்திரி.

"நாந்தான்" என்றீர்கள்.

உங்கள் வலது கையை, இரும்பு அடிக்கும் அடைகல்லில் வைத்து இரண்டு பேர் அழுத்தினார்கள். உங்கள் சம்மட்டியையே மேஸ்திரி ஓங்கினான். இரும்பில் விழும் சத்தம் எனக்குத் தெரியும். இது வேறு. இரண்டாம் அடியில் அடைகல்லும் கூடச் சத்தம் போட்டது. கீழே விழுந்த உங்களை விலாவில் உதைத்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ சொல்லிராத. உன்னையும் கொன்னுருவானுவ" என்றீர்கள், பத்தாம் நாள் ராத்திரி பாயில் கிடந்தபடி. அதுதான் கடைசிப் பேச்சு. பதினோராம் நாள் கைப் புண்ணில் ரணஜன்னி கண்டு உங்கள் தாடை பூட்டிக்கொண்டது. முதுகு பாயில் படாமல் வளைந்து வளைந்து உயிர் போயிற்று.

சுமையாளின் மனைவி ஆற்றுக்குப் போகும் தெருவில்தான் இருக்கிறாள். குடத்தோடு என்னைக் கண்டால் போதும், உங்கள் பேரைச் சொல்லி ஏசுவாள். "கை நசுங்குனது காணாது, புழுத்துச் செத்திருக்கணும்" என்பாள். நான் தலையைக் குனிந்து கடந்துவிடுவேன். நாலு வருசம் அப்படிப் போயிற்று.

போன மாசம் நின்றேன். அவள் நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பட்டையத் தீயில காட்டுனது அவிய இல்ல, நான். மூணு தடவ காட்டணும். ஒரு தடவதான் காட்டுனேன்."

உலக்கை தோளில் விழுந்தது. அடுத்தது காதோரம். நான் கையைத் தூக்கவில்லை.

"பின்ன அவன் ஏம்ட்டீ கையக் குடுத்தான்?"

"எனக்காவ."

உலக்கையைக் கீழே போட்டாள். மூச்சு வாங்கியது. "போயிரு" என்றாள்.

இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அவள் ஏச்சு மட்டும் நின்றபாடில்லை. ஆனால் இப்போது என் பேரைச் சொல்லித்தான் ஏசுகிறாள். உங்கள் பேர் அவள் வாயில் வருவதில்லை. நானும் முன்போல ஓடுவதில்லை. அவள் முடிக்கிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகிறேன்.