வெண்கல வளையம்

பெரியவளே,

தூங்கட்டும் என்று உன்னை எழுப்பவில்லை. சோறு மூடி வைத்திருக்கிறேன். இடது கையாலேயே சாப்பிடு, மாவுக்கட்டு நனையக் கூடாது. சாவி சன்னலோரம் இருக்கிறது.

நேற்று படகு பாறையில் மோதியதும், "துடுப்புப் போடக்கூடத் தெரியலையா?" என்று சித்தப்பா முன்னாலேயே உன்னைத் திட்டிவிட்டேன். இன்று காலையில்தான் படகைச் சரியாகப் பார்த்தேன். துடுப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையம் வெயிலில் வெளுத்து, முறிந்து கிடக்கிறது. அதனால்தான் துடுப்பு நழுவியிருக்கிறது.

கடையிலேயே நீ, "வெண்கலத்துல வாங்குங்கப்பா, அதுதான் உழைக்கும்" என்றாய். "உனக்கென்ன தெரியும்" என்று உன் வாயை அடைத்தவன் நான். இப்போது வெண்கலத்தில் ஒரு ஜோடி வாங்கத்தான் போகிறேன்.

சித்தப்பா உன்னைப் பார்க்க வருவார், கதவைத் திறந்துவிடு.

பி.கு.: தப்பு என்னுடையது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்பா