கிளட்ச் மிதித்த கால்

புந்தோங், ஈப்போ
11.3.1984

என் அன்பு வீரம்மாவுக்கு,

உன் கணவன் ராமையா எழுதுவது. நானும் நம் பாப்பாவும் சுகம். மான்செஸ்டர் குளிர் இந்த மாதமாவது குறைந்ததா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல்.

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. புத்தகம் என்று சொல்லக்கூடாது, எட்டே பக்கம்தான். ஆனால் மேலே உன் பெயர் அச்சில் இருக்கிறது. அந்த ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு வரிதான். அதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. பிளாஸ்டிக் உறை போட்டு நான் ஓட்டும் பஸ்ஸிலேயே வைத்திருக்கிறேன். ஈப்போவிலிருந்து சித்தியவான் வரை பஸ் நிற்கும் இடமெல்லாம் காட்டியாகிவிட்டது.

கண்டக்டர் மாயாண்டி அண்ணனுக்கு உன் ஆராய்ச்சியை விளக்கினேன். மாட்டின் தசைநாரை அமிலத்தில் கரைத்து, கொலாஜன் என்கிற சத்தைப் பிரித்து, உறையவைத்து, உலர்த்தி, பஞ்சு மாதிரி ஆக்குகிறாய். அதைப் புண்ணில் வைத்தால் உடம்பு அதைப் பற்றிக்கொண்டு புதுச் சதை வளர்க்கும் என்று நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். அவர் முகத்தைச் சுளித்து, "மாட்டு நரம்ப மனுசன் மேல ஒட்டுறதா? சாமி குத்தம் லா" என்றார். "அண்ணே, நம்ம தோலு எலும்பு எல்லாத்தையும் இழுத்துக் கட்டி வச்சிருக்கிறதே அந்தக் கொலாஜன்தான். மாட்டுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றேன். அவர் டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் பார்த்தால், அவரே நாலு பேரை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

ஆயர் தாவாரில் நீ பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஏறினார்கள். அமிலம் என்றதும் ஒரு அம்மா சிரித்துவிட்டது. "நாங்க ரப்பர் பாலு கட்டியாவுறதுக்கு அமிலம் ஊத்துனோம். நம்ம வீரம்மா கட்டியா இருக்கறதக் கரைக்க ஊத்துதா? படிச்ச புள்ள, எல்லாம் மாத்தித்தான் செய்யும்" என்றது. சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. தன் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

பாப்பாவுக்குக் கணக்கில் முதல் மார்க். தலை பின்னத்தான் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

வேறு ஒரு விஷயம். என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பருக்கு இடது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், ஒரு புண். கிளட்ச் மிதிக்கும் இடம். இரண்டு மாதமாக ஆறவில்லை. ஆனால் வலியே இல்லை என்கிறார். மஞ்சள் வைத்துக் கட்டுகிறார். வலி இல்லாததால் பயமில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ராமையா


ஈப்போ, ஆஸ்பத்திரி
14.4.1984

அன்பு வீரம்மாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன். இனி மற்றதைப் படி.

உன் கடிதத்தின் முதல் வரியிலேயே, "அந்த நண்பருக்கு மனைவி உண்டா? அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள்?" என்று கேட்டிருந்தாய். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு இத்தனை வருடமாகியும் வரவில்லை. வலி இல்லாததுதான் ஆபத்து, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதியிருந்தாய். மடித்தேன், போனேன்.

எனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறதாம், ரத்தத்தில் சர்க்கரை. பல வருடமாக இருந்திருக்கும், அது காலில் உணர்ச்சியைக் கொன்றுவிட்டது என்றார் டாக்டர். இடது பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இதை ஒரு தடவைதான் எழுதுகிறேன், நீயும் ஒரு தடவைதான் படிக்க வேண்டும். இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார். என் காலைக் காப்பாற்றியது ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த உன் ஒரு கடிதம்.

நடந்த இன்னொன்றையும் கேள். இங்கே கட்டு மாற்றுவது ஒரு சின்ன வயது சீன டாக்டர். நான் மலாய் மொழியில், "டாக்டர், கொலாஜன் வர ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டேன். கையிலிருந்த கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டார். பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும் என்றார். தலையணைக்கு அடியிலிருந்து உன் எட்டுப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். கொண்டுபோனவர் இரண்டு நாள் திருப்பித் தரவில்லை. மூன்றாம் நாள் பெரிய டாக்டரையே அழைத்துக்கொண்டு வந்தார். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோயாளிக்கு யாராவது கை கொடுப்பார்களா? எனக்குக் கொடுத்தார், வீரம்மா. வார்டு முழுக்கப் பார்த்தது.

உன் பஞ்சை என் காலுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, இங்கே வந்து சேர வருடங்கள் ஆகும் என்றார் பெரிய டாக்டர். எதிர்க் கட்டிலில் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். எனக்கு வந்த அதே புண்தான். அவருக்கு எழுதிச் சொல்ல யாரும் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உன் கடிதத்தின் கடைசியில், "அது நீங்களாக இருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவேன்" என்று எழுதியிருந்தாய். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் கருப்பம்மாள் அக்காவும் தினம் அதைத்தான் சொல்கிறது. "கட்டுனவனுக்குக் கால் போவுது, இவளுக்கு இன்னும் என்னா படிப்பு? வரச் சொல்லு லா" என்று நேற்று சத்தம் போட்டது. நான் எதிர்க் கட்டிலைக் காட்டி, "இவரு மாதிரி ஆளுங்களுக்குத்தான் அவ படிக்கிறா. பாதியில வந்தா எனக்கு மட்டுந்தான் பிரயோசனம்" என்றேன். அக்கா கொண்டுவந்த கஞ்சியில் அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தது. உண்மையைச் சொன்னால், நீ வந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

வராதே. முடித்துவிட்டு வா.

உன்
ராமையா


புந்தோங், ஈப்போ
2.9.1984

டாக்டர் ஆகப்போகும் என் வீரம்மாவுக்கு,

"ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன், நவம்பரில் வாய்மொழித் தேர்வு" என்று நீ எழுதியதைப் பாப்பாதான் சத்தமாகப் படித்தாள். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னேன். கருப்பம்மாள் அக்கா எழுந்துபோய்ப் பால் காய்ச்சிப் பாயசம் வைத்தது. எனக்குச் சீனி இல்லாமல் ஒரு கிண்ணம் தனியாக.

புண் முழுவதும் மூடிவிட்டது. வாரா வாரம் ஓரங்கள் நடுவை நோக்கி நகர்ந்து வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதுத் தோல் மெல்லியதாக, குழந்தையின் உதடு மாதிரி சிவந்திருக்கிறது. இதற்குள் எவ்வளவு கொலாஜன் ஓடியாடி வேலை செய்திருக்கும் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நீ சொல்லாவிட்டால் எனக்கு இது வெறும் தழும்பு.

உன்னிடம் சொல்லாமல் ஒத்திப்போட்ட ஒன்று. என்னால் இனி பஸ் ஓட்ட முடியாது. அந்தக் காலால் கிளட்ச் மிதித்தால் மறுபடி புண் வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனியில் டிக்கெட் கவுண்டரில் உட்காரவைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, மழையில் நனைய வேண்டியதில்லை. போன ஞாயிறு பாப்பாவோடு சித்தியவானுக்குப் போனேன், முதல் தடவையாகப் பயணியாக. டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் இடது கால் தானாகத் தரையை மிதித்தது. பாப்பா பார்த்துவிட்டு என் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மாயாண்டி அண்ணன் உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார். வரும்போது அந்தப் பஞ்சில் ஒரு துண்டு கொண்டுவர வேண்டுமாம். சாமி குத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "ஆளு பொழைச்சா சாமி கோவிச்சிக்காது லா" என்கிறார்.

வாய்மொழித் தேர்வில் பயப்படாதே. அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் உன் கையில் இருக்கிறது. முருகன் உனக்குத் துணை இருப்பான். டிசம்பரில் உன்னை அழைத்துவர நானும் பாப்பாவும் சுபாங் விமான நிலையத்துக்கு வருவோம். தடி இல்லாமல் நடந்து வந்து நிற்பேன், அதற்காகத் தினமும் பழகுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ படித்தவள், வெளியே வந்ததும் உன் கண் என் காலுக்குத்தான் போகும். அதை வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். அங்கே, முதலில், என் முகத்தைப் பார்.

உன்
ராமையா