ஒடாஹுஹுவிலிருந்து கப்பலேறிய மெஷின்கள்

மவுண்ட் ரோஸ்கில்,
ஒக்லாந்து.
18 யூலை 1993

அன்பு மகன் அனுஷனுக்கு அப்பா எழுதுவது,

நாங்கள் மூவரும் இங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டு குறையில்லாமல் இருக்கிறோம், சுவீடனில் இப்போது கோடை, பக்டரியைப் பூட்டிவிட்டு எல்லோரும் லீவில் நிற்பீர்கள், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் கொஞ்சம் வெயிலைக் கண்டுகொண்டு இருப்பாய் என்ற நினைப்போடு இதை எழுதுகிறேன். தங்கச்சி பிரணவிக்குச் சோதனை முடிந்துவிட்டது, நன்றாகச் செய்தாளா என்று கேட்டால் இங்கிலிஷில் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அறைக்குள் போகிறாள், சரி என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் நோவு பரவாயில்லை. உன் கடிதம் போன கிழமை வந்தது. கொம்பனி உன்னைப் புதுப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போடுகிறது என்றும், அந்தப் பிரிவில் வரப்போவது இங்கே ஒடாஹுஹுவில் நான் வேலை செய்த பக்டரியின் மெஷின்கள் என்றும், அப்பாவின் வேலையைப் பிடுங்கிய மெஷினை நான் தொடமாட்டன், வேலையை விட்டாலும் விடுவன் என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா அதை வாசித்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. நடந்ததை முழுவதும் நீ அறியவில்லை, டெலிபோனில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை, அதனால் ஆறுதலாக இருந்து எழுதலாம் என்று விட்டேன்.

1989இல் உங்கள் கொம்பனி ஒடாஹுஹு பக்டரியை வாங்கியபோது நான் அங்கே கணக்குப் பகுதியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த நாளில் சுவீடன் கொம்பனிகளிடம் காசு புரண்டது, வங்கிகள் கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுத்தன, காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு இருந்த கட்டுப்பாட்டையும் அரசாங்கம் எடுத்துவிட்டது, அதனால் அவர்கள் உலகம் முழுக்கக் கண்டதையெல்லாம் வாங்கினார்கள். பால் இறைக்கும் பம்பு செய்கிற எங்கள் சின்ன பக்டரியை வாங்கியதற்கு நல்ல நியாயம் இருந்தது. வெளியிலிருந்து பம்பு கொண்டுவந்தால் இங்கே இறக்குமதி வரி, இங்கேயே செய்தால் வரியில்லை, அவுஸ்திரேலியாவுக்கும் தீர்வையில்லாமல் அனுப்பலாம். அப்போது பார்வையிட வந்த சுவீடன் இன்ஜினியர் ஒருவரிடம், என் மகன் ஸ்டொக்ஹோமில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறான், அவன் கடைசல் வேலை படித்தவன் என்று நான்தான் சொன்னேன். அவர் பேரையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு போனார், பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆகவே நீ சுவீடன் பக்டரிக்குள் போனது என் வாயால்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

போன வருடம் உங்கள் நாட்டில் நடந்ததை நான் பேப்பரில்தான் படித்தேன். வீடு நிலத்தின் விலை இடிந்து வங்கிகள் தள்ளாடின, குரோனரைத் தாங்கிப் பிடிக்க வட்டியை ஐந்நூறு வீதத்துக்கு ஏற்றினார்கள், அதுவும் பலிக்காமல் நவம்பரில் கையை விட்டார்கள், குரோனர் விழுந்தது. அப்போது நீ சாமான் விலை கூடுகிறது, பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்கள் என்று பயந்து எழுதினாய். ஆனால் ஒரு நாட்டின் காசு விழுந்தால் அந்த நாட்டில் செய்கிற பொருள் வெளியாருக்கு மலிவாகிவிடும். மாசி மாதம் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒடாஹுஹுவில் ஒரு பம்பு செய்ய எவ்வளவு காசு முடிகிறது, அதே பம்பை சுவீடனில் செய்து கப்பலில் கொண்டுவந்தால் எவ்வளவு முடியும், இரண்டையும் ஒப்பிட்டு அனுப்பு என்றார்கள். அந்தக் கணக்கைப் போடவேண்டியவன் நான்.

நான் முதலில் மனேஜரிடம் போனேன். மகன் சுவீடன் பக்டரியில் வேலை செய்கிறான், அங்கே ஆட்குறைப்பு நடக்கிறது, ஆகவே இந்தக் கணக்கை வேறு ஆளிடம் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். உன் மகன் சுவீடனுக்கு ராசாவாக இருந்தாலும் இரும்பின் விலை மாறப்போவதில்லை, மகேசன், போய் வேலையைப் பார் என்றார். நல்ல மனிதர், ஆனால் எதையும் பகிடியாக எடுக்கிறவர். போட்டுப் பார்த்தேன். குரோனர் விழுவதற்கு முந்திய விலையில் நாங்கள் வென்றோம், விழுந்த விலையில் தோற்றோம். இங்கேயும் இறக்குமதி வரியைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், ஆகவே வருங்காலத்தில் இன்னும் தோற்போம்.

இந்த நேரத்தில்தான் பழனிசாமி என் மேசைக்கு வந்தார். அவரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனோ தெரியாது. மலேசியாவில் கிள்ளான் ஆள், இரும்பைக் குடைகிற மெஷின்கள் நாலுக்கும் அவர்தான் போர்மன், த்ரீ கிங்ஸில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, அவருடைய மனைவி ரத்னா அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறவர். வருடக்கணக்காக என்னைக் காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "அண்ணே, கப்பல் கூலிய கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன். அது ஏறும் எறங்கும், யாருக்குத் தெரியப் போவுது? நாப்பது குடும்பம்ணே" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை, அந்த இடத்தில் நானும் கேட்டிருப்பேன். ஆனால் தலைமைக் காரியாலயத்தில் இருப்பவர்கள் கப்பல் கூலி தெரியாதவர்கள் இல்லை, ஒரு இடத்தில் பொய் கண்டால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். அதைச் சொன்னேன். இல்லாததைப் போடமாட்டேன், இருக்கிறதை ஒன்றும் விடாமல் போடுகிறேன் என்றும் சொன்னேன். அதன்படி ஒரு விஷயத்தைத் தனியாக எழுதி இணைத்தேன். பால் கறக்கும் காலத்தில் வைக்காட்டோப் பக்கத்து மாட்டுப் பண்ணையில் ஒரு பம்பு நின்றால் பண்ணைக்காரன் சுவீடனிலிருந்து உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை மாட்டைக் கறக்காமல் வைத்திருக்க முடியாது, ஆகவே எதைப் பூட்டினாலும் உதிரிப்பாகக் கிடங்கைப் பூட்டக்கூடாது என்று எழுதினேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். கிடங்கில் சிலருக்கு வேலை மிஞ்சியது. மற்றதெல்லாம் யூன் முடிவோடு மூடுவதென்று சித்திரை மாதம் முடிவு வந்தது.

எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூப்பிட்டு மனேஜர் அறிவித்தார். கேள்விகள் வந்தன, சத்தம் கூடியது, கணக்கு சரியா என்று எவனோ கேட்டான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மனேஜர் சொன்னார், மகேசன் எவ்வளவு நேர்மையானவர் என்றால் தன் மகன் சுவீடன் பக்டரியில் இருக்கிறான், ஆகவே தான் இந்தக் கணக்கைப் போடக்கூடாது என்று என்னிடம் வந்து சொன்னார் என்று. நீ அங்கே இருப்பது அதுவரை பழனிசாமிக்குக்கூடத் தெரியாது. சுவீடனில் மகன் என்று தெரியும், எந்தக் கொம்பனி என்று நான் சொன்னதில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவரும் கேட்கவில்லை என்பதுதான். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "அப்போ நாங்க நாப்பது பேரு, அங்க உங்க மவன் ஒருத்தன். சரியாத்தான் போட்டிருக்கீங்க கணக்கு" என்றார். என்ன சொன்னாலும் அந்த அறையில் அது பொய்யாகத்தான் கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனேன்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். சாமான் வாங்கப் போனால் ரத்னாவின் வரிசையில் நின்றே பழகியவள், வேறு வரிசைக்குப் போகாமல் அங்கேயே போய் நின்றாள். ரத்னா ஒவ்வொரு சாமானாக எடுத்து விலையடித்துப் பையில் போட்டு, தெரியாத வெள்ளைக்காரிக்குச் சொல்வதுபோல ஹாவ் எ நைஸ் டே என்று சொன்னாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதை ஒரு தரம் சொன்னாள், பிறகு சொல்லவில்லை. ஆனால் கடையையும் வரிசையையும் மாற்றவில்லை.

யூன் மாதம் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, கிடங்கின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், நீ நில் என்றார். மாட்டேன் என்றேன். கிடங்கில் நெடுங்காலம் வேலை செய்யும் தொங்கா நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், பிள்ளைகள் சின்னதுகள், கணக்கை அவருக்குப் பழக்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லி அப்படியே செய்தேன். இப்போது மனுகாவில் ஒரு லொறிக் கொம்பனியில் வாரத்தில் பாதி நாள் வேலை, போதும், வீட்டு மோர்ட்கேஜும் முடிகிற கட்டத்தில் இருக்கிறது, நீ காசு அனுப்ப வேண்டாம்.

இனி உன் விஷயம். நீ அந்த வேலையை எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு யோசி. மெஷின் திரும்பி வராது. ஒடாஹுஹுவில் ஒருவனுக்கும் வேலை கிடைக்காது. உங்கள் நாட்டில் வேலையில்லாமல் இத்தனை பேர் நிற்கிற நேரத்தில் அந்த இடத்துக்கு அடுத்த நாளே ஆள் வரும். போன வருடம் குரோனர் விழுந்திராவிட்டால் உன்னை நிறுத்தியிருப்பார்கள், நான் இங்கே தொடர்ந்து இருந்திருப்பேன், விழுந்ததால் மாறிப் போனது. உன்னிடமோ என்னிடமோ கேட்டுவிட்டு யாரும் இதைச் செய்யவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "உங்களுக்குக் குடுத்த வேலையை நீங்கள் வேண்டாமெண்டு விட்டிட்டு வருவியள், அவன் மட்டும் எடுக்கோணுமோ? மகனுக்கு ஒரு நியாயம் உங்களுக்கு ஒரு நியாயமோ?" என்று கேட்டாள். என் வயதுக்கு ஒரு வேலையை விட்டால் ஒரு வேலைதான் போகும், உன் வயதில் விட்டால் அதோடு வேறு பலதும் போகும், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனாள், ஒத்துக்கொண்டாளா தெரியவில்லை.

போன கிழமை உன் கடிதம் வந்த பிறகு அவள் கடைக்குப் போய், ரத்னா விலையடித்துக்கொண்டிருக்கும்போதே, "எங்கட பிள்ளை அந்த மெஷினைத் தொடமாட்டன் எண்டு எழுதியிருக்கிறான், உங்கட வீட்டுக்காரரிட்டச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு மீதிக் காசையும் வாங்காமல் வந்துவிட்டாள். எனக்கு அதைச் சொல்லவும் இல்லை, இன்று பழனிசாமி வந்த பிறகுதான் அறிந்தேன். இன்று மத்தியானம் கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தால் பழனிசாமி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மழை தூறியது, அப்படியே வாசலில் நின்றார். ரொட்டி பக்டரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். பிறகு சொன்னார். "ஒங்கள நம்புறேன்னு சொல்றதுக்கு வரலைண்ணே. அது எனக்குத் தெரியாது, நான் கணக்கு படிக்கல. ஆனா ஒங்க மவன் அந்த வேலைய எடுத்துக்கணும். நாலு மெஷினையும் நாந்தான் கிரீஸ் போட்டு, பலகை அடிச்சு, பெட்டியில ஏத்துனேன். தெரியாதவன் கையில போய் ஒடையறதுக்கா அப்படிக் கட்டுனேன்? நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்ல, அவன் பாத்துக்கட்டும்." அவர் விரலை மடக்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகச் சொன்னார், நான் உள்ளே ஓடிப் போய்ப் பேனை எடுத்து வரும்வரை காத்திருந்தார். இரண்டாவது மெஷின் குளிரில் முரண்டு பிடிக்குமாம், காலையில் வந்ததும் வேலையைப் போடாமல் வெறுமனே சுழலவிட வேண்டும், கை வைத்தால் சூடு தெரிந்த பிறகுதான் இரும்பைப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் துளை சரிந்து போகும். நாலாவதின் இடது பக்கப் பிடியை ஸ்பேனர் போட்டு முறுக்கக்கூடாது, பழைய வெடிப்பை ஒட்டியிருக்கிறது, கையால் இறுக்கினால் போதும். மற்ற இரண்டும் நல்ல பிள்ளைகள் என்றார். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தாள், வேண்டாம் என்றவர் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு வாங்கி நின்றபடியே குடித்தார். கோப்பையைக் கொடுத்துவிட்டு, ரத்னா தந்ததென்று அம்மாவின் மீதிக் காசையும் கொடுத்துவிட்டு மழைக்குள் போனார். அவர் என்னை நம்புகிறாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அதை இனிக் கேட்கவும் மாட்டேன்.

மகனே, கடவுள் துணையால் நீ நோய் நொடியின்றி, செய்கிற வேலையில் பேரோடு இரு. வெளியில் நல்ல வெயில் என்றாலும் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா தன் பங்குக்குத் தனியாக எழுதுவாள், கல்யாணப் பேச்சு இருக்கும், கோபிக்காமல் பதில் போடு. லீவு முடிந்து போகிற முதல் நாளே உங்கள் மனேஜரிடம் ஓம் என்று சொல்லு. பெட்டிகளை உடைக்கும்போது நீ பக்கத்தில் நில், ஆணியை இழுத்துப் பிடுங்க விடாதே, பலகையை மெதுவாகக் கழற்றச் சொல்லு. மெஷின்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று உடனே எழுது. நான் அதைப் பழனிசாமியின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

உன் நன்மையே வேண்டும்
அப்பா
க. மகேசன்