எஞ்சினை நிறுத்திய நேரம்

அம்மா,

போனில் கேட்கத் துணிவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் பேத்தி கவிசா சுகம். பக்கத்தில் படுத்திருக்கிறாள். மூச்சு ஒழுங்காக வருகிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விடுமுறைக்கு இங்கே ஜெர்மன் வடகடல் கரைக்கு வந்தோம். இன்று பொழுதுபடுகிற நேரம் கடல்நாய் பார்க்கச் சின்னப் படகொன்றில் போனோம். மணல்திட்டை நெருங்கியதும் படகோட்டி எஞ்சினை நிறுத்தி, சத்தம் போட வேண்டாம் என்றார்.

"அப்பா, அங்கை பாருங்கோ!" என்று கவிசா கத்தினாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன். என் மனைவி இழுத்த பிறகும் கை விலகவில்லை.

"என்னப்பா செய்யிறியள்? பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"நேவிக்குக் கேக்கப்போகுது" என்றேன். இந்த ஜெர்மன் கடலில், கடல்நாய்களுக்கு முன்னால்.

ஊரில் யுத்த நேரம் இரவில் படகேறிக் கிளாலிக் கடலைக் கடந்தபோது எனக்குப் பத்து வயது. அன்றும் நேவிக்குப் பயந்து எஞ்சினை நிறுத்தினார்கள். "தம்பியின்ரை வாயைப் பொத்து" என்று அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையை என் மடியில் தந்தீர்கள். கரையில் அவனை என்னிடமிருந்து வாங்கினீர்கள், பிறகு எனக்குக் காட்டவேயில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான் இத்தனை வருடமும் சொல்கிறீர்கள்.

காய்ச்சல்தானே அம்மா?

ஒரு வரி எழுதிப் போடுங்கோ.

உங்கள் மூத்தவன்