அட்டையில் போட்ட வ.இ.

நேற்று உன் மேசையைக் காலி செய்தேன். அடித்தட்டில் ஃபார்மோகிரெசால் என்ற பழைய பல் மருந்துப் புட்டி. மூடி இளகி, பினாயில் மாதிரியான அந்த நெடி மூக்கில் ஏறியது. நீ இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். புட்டிக்கு அடியில் அந்நாளில் கல்வராயன் மலையில் வேலை பார்த்த நர்ஸக்கா உனக்கு எழுதிய கடிதம் இருந்தது. படித்ததும் ஆத்திரம்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் நாம் இருவரும் பல் ஆஸ்பத்திரி திறந்த புதிது. பிள்ளைகளின் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி உள்ளே நரம்பு அழன்றால், அந்த நரம்பின் மேல் சதையை எடுத்துவிட்டு வேரின் மேல் மருந்து வைப்போம். சந்தை நாளில் புதிய குளுட்டரால்டிஹைடு, மற்ற நாளில் பழைய ஃபார்மோகிரெசால். எது மேல் என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். வலி இல்லையென்றால் அட்டையில் "வ.இ." என்று போடுவோம். சந்தைக்கு இறங்கும் கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கே புதியது அதிகம் வாய்த்தது.

ஆறாம் மாதம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் வெட்டிப்போட்ட மரங்கள் கிடந்தன, மலைக்குப் பஸ் இல்லை. பிள்ளைகளை அங்கேயே பார்த்து எழுதச் சொல்லியிருந்த நர்ஸக்கா ஆள் மூலம் அனுப்பிய பட்டியலில் மலைப் பிள்ளைகள் பெயருக்கு நேரே வரிசையாக வ.இ.

"பாத்துட்டுத்தான் எழுதினாங்களாடி?" என்றேன்.

"பாக்காம எழுதுவாங்களா? உனக்கு எப்பவும் சந்தேகம்தான் ஜாஸ்தி" என்று சிரித்தாய்.

புது மருந்து ஜெயித்தது. கட்டுரையில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயரும் அச்சானது.

கட்டுரை அச்சாவதற்கு முன்பே, வழி திறந்ததும், செல்லி புது மருந்து வைத்த தன் மகளைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து வந்தாள். முகம் வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. பல்லைப் பிடுங்கினேன். அடியில் வளர்ந்துகொண்டிருந்த நிலைப்பல்லும் கெட்டிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, இனிமே வலிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? புள்ள இத்தினி நாளா அழுதுகினே கெடந்துச்சே."

"ஒண்ணு ரெண்டு இப்படி ஆகும்டி" என்றாய் நீ. நானும் பல வருடம் அதே மருந்தை வைத்தேன், அதே வார்த்தையைத் தாய்மார்களிடம் சொன்னேன்.

கடிதத்தில் நர்ஸக்கா எழுதியிருக்கிறார்: "வ.இ. என்று நான் போட்டது வர இயலவில்லை என்பதற்கு. ஒரு பிள்ளையையும் நான் பார்க்கவில்லை." கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய வாரத் தேதி. படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாய். இதைக் கிழித்தெறியாமல் ஏன் வைத்திருந்தாய் என்று எனக்குப் புரியவில்லை.

உன்மேல் இன்னும் பிரியம் இருக்கிறது, அதுதான் பொறுக்கவில்லை. செல்லி கேட்டபோது அவள் முன்னால் நான் நின்றேன். நான் கேட்க நீ இல்லை.