மூன்றாங்குரல் மீராமுகைதீன்

06.02.1981, வெள்ளி

ஜும்ஆ நாள், தறி இல்லை. நேற்று சாய்ந்தமருதுக் கல்யாண வீட்டில் எங்கள் இசைக்குழு பாடியது. எங்கள் என்றால் ஷரிபுதீன் காக்காவின் குழு. எல்லாருக்கும் அண்ணன் முறை என்பதால் காக்கா. அவர் முதல் குரல், நூஹு இரண்டாவது, நான் மூன்றாவது. மூன்றாவது என்றால் பின்னால் நின்று 'ஆ... ஆ...' போடுகிற ஆள். முதல் ரெண்டு பேரும் புரியாணி தின்னப் போனால் எனக்கு ஒரு சினிமாப் பாட்டு கிடைக்கும். நேற்று அதுவும் இல்லை. புரியாணி மேடைக்கே வந்துவிட்டது.

முடிவில் நூஹு மைக்கில் பேர் வாசித்தான். தபேலாக்காரர் பேர்கூட வந்தது. கடைசியில், "மற்றும் குழுவினர்." அது நான்தான். ஏழு வருசமா நான் குழுவினர்!

10.02.1981

நானே கட்டிய பாட்டு இத்தோடு பதினொன்று. எல்லாம் தறியில் கட்டியவை. கால் மிதிக்கும், கை நூல் சுற்றின நாடாவை இங்கும் அங்கும் ஓட்டும், வாய் மட்டும் சும்மா கிடக்குமா? மாமி சொல்கிறா: "மருமகன், சாறன் நெய்றீங்களா, சண்டை புடிக்கிறீங்களா?" கல்யாணம் முடித்து மாமி வீட்டுக்கு வந்தவன் எதிர்த்துக் கதைக்க ஏலுமா? வாயை மூடிக்கொண்டு பாடினேன்.

15.02.1981

ஷரிபுதீன் காக்காவிடம் கேட்டேன். ஒரே ஒரு பாட்டு. என்ட பாட்டு.

"தம்பி, சனம் தெரிஞ்ச பாட்டைத்தான் கேக்கும். உன்ட பாட்டை உன்ட தறி கேட்டாப் போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் பத்திக்கொண்டு வருது. நீ ஏன்டா சிரிச்ச?

16.02.1981

தனியாகப் பாடப் போகிறேன். என் பாட்டு மட்டும். பேனையால் எழுதிவிட்டேன், இனி அழிக்க ஏலாது.

01.03.1981

கல்முனையில் வாசிகசாலை மண்டபம் தருகிறார்கள். ஏப்ரல் நாலு, சனி பின்னேரம். வீட்டுக்கு ஓடிவந்து சுபைறாவிடம் சொன்னேன்.

"ஆர் வருவாங்க?"

"நீ வா."

"நான் வந்தா ஒண்டு. மிச்சம்?"

பொண்டாட்டி கேட்டது நியாயம்தான். அதற்காக அந்த நேரத்திலா கேட்பது?

08.03.1981

தபேலாவுக்கு சொறிக்கல்முனைக் கனகரெத்தினம் அண்ணன். வயற்காரர். வெள்ளாமை வெட்டி முடிந்து கை சும்மா இருக்கிறதாம். சைக்கிளில் தபேலாவைக் கட்டிக்கொண்டு வந்தார். முதல் பாட்டிலேயே இடறினார். திருப்பிப் பாடினேன், அதே இடத்தில் திருப்பி இடறினார்.

"தம்பி, பாட்டு நடுவில நீ எங்க போற?"

"எங்கயும் போகல்லியே."

"போற. தாளத்தை நடு றோட்டில விட்டிட்டுப் போற. பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி வாற."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அடுத்த பாட்டைப் பாடினேன். அதிலும் போகிறேனாம். அடுத்ததிலும். உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த சுபைறா எழும்பாமலே சொன்னாள்: "நாடாக்குள்ள நூல் முடியுது. புது நூல் போடத் தறிய நிப்பாட்டுவீங்களே, அந்த இடம்தான்."

யா அல்லாஹ்! பதினொரு பாட்டிலும் நூல் முடிகிறது. கட்டினவனுக்குத்தான் தெரியவில்லை. சிரித்த சிரிப்பில் மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

14.03.1981

நிற்கிற இடத்தையெல்லாம் சொல் போட்டு அடைத்தேன். கண்ணே, பெண்ணே, அன்பே. தண்ணி கூடின மீன் ஆணம் மாதிரி ஆகிவிட்டது. கனகரெத்தினம் அண்ணன் தபேலாவைத் துவாயால் மூடினார். "முந்தினதே நல்லம். நீ நில்லு. நான் ஏழு எண்ணுறன், எட்டுக்கு வா."

22.03.1981

நூஹு வந்தான். ஏப்ரல் நாலு பாலமுனையில் பெரிய இடத்துக் கல்யாணமாம், குழு முழுக்க வரவேண்டுமாம். "வராட்டி இனி வரவே வேணாம் எண்டு காக்கா சென்னார்."

அதே நாள். தெரிந்துதான் செய்கிறாரா? தெரியாது. மேடை எண்டு எனக்கு இருந்ததே அது ஒண்டுதான். மண்டபத்தில ஆரும் வராட்டி? எல்லாம் பிழைச்சா பிறகு அந்த 'ஆ... ஆ...'கூட இல்ல. பயமாத்தான் இரிக்கி.

24.03.1981

வரமாட்டேன் என்று நூஹுவிடம் சொல்லிவிட்டேன்.

04.04.1981, சனி

எழுபத்திரண்டு பேர். மாமி எண்ணினா, மாமி கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

முன்வரிசையில் மருதமுனைத் தறிக்காரர்கள். முதல் பாட்டில் அந்த இடம் வந்தது. நின்றேன். கனகரெத்தினம் அண்ணன் உதட்டுக்குள் எண்ணுகிறார். ஒரு சத்தம் இல்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் பார்த்தேன், முன்னால் இருந்த ஒருவரின் கை மடியிலேயே நூல் மாற்றுகிறது! அவருக்குத் தெரியாமலே. எட்டுக்கு நான் வந்தபோது அவர் கால் தரையை மிதித்தது. ரெண்டாம் பாட்டில் அந்த வரிசை முழுக்க மிதித்தது.

பதினொன்றும் பாடினேன். ஒரு இடத்தில் சுருதி போனது, போகட்டும். முடிவில் வாசிகசாலைக்காரர் மைக்கில் சொன்னார்: "பாட்டும் குரலும் மீராமுகைதீன்." அழுதுவிட்டேன். எழுத என்ன வெட்கம்?

17.04.1981, வெள்ளி

ஷரிபுதீன் காக்கா வீடு தேடி வந்தார். இதுதான் முதல்தடவை. வெயிலைப் பற்றிக் கதைத்தார், கடலைப் பற்றிக் கதைத்தார், மாமியிடம் சுகம் விசாரித்தார். பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"மே ரெண்டாம் திகதி அக்கரைப்பற்றில நிகழ்ச்சி. நீ வரணும். உன்ட பாட்டும் ரெண்டு போடுவம்."

ஏழு வருசம் காத்துக்கிடந்த சொல். வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது.

"அண்டைக்கு ஏலாது காக்கா. பாலமுனையில எனக்கு நிகழ்ச்சி இரிக்கி, வாசிகசாலையில கேட்ட ஆக்கள் கூப்பிட்டாங்க."

"அப்படியா! ஆர் ஆரு பாடுறீங்க?"

"நான்தான்."

"மத்த ஆக்கள்?"

"மத்த ஆக்கள் இல்ல காக்கா. நான் மட்டும்தான்."

தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"பின்னால நிண்டு 'ஆ... ஆ...' போட ஆள் வேணுமாடா?"

பகிடியா உண்மையா, விளங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.